காட்டு விலங்கு எவருடையது?



சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடலாம். ஆயினும், ஒரு பொருளுக்கு உடையவன் எவன் என்னும் வினா எல்லா நாட்டுச் சட்டத்துக்கும் அடிப்படையானது. வயலுக்கு உடையவன் உண்டு. மாட்டுக்கு உடையவன் உண்டு. கிணற்றுக்கும் பனைக்கும்கூடப் பங்காளிகள் உண்டு. ஆனால், இரவிலே வயலுக்குள் இறங்கி, விளைந்த பயிரை மிதித்துச் செல்லும் யானைக்கு உடையவன் எவன்? பட்டிக்குள் புகுந்து ஆட்டைக் கவ்விச் செல்லும் சிறுத்தை எவருடைய உடைமை? இவ்வினாவுக்குக் கடந்த நூற்றிருபது ஆண்டுகளில் ஆபிரிக்கக் கண்டத்திலே ஒன்றுக்கொன்று மாறுபட்ட விடைகள் பல கூறப்பட்டன. ஒவ்வொரு விடையும் மனிதரின் வாழ்வையும் விலங்குகளின் வாழ்வையும் வெவ்வேறு திசையில் திருப்பிற்று. அவ்விடைகள் அனைத்தையும் தன் மண்ணிலேயே சோதித்துப் பார்த்த நாடு ஒன்று உண்டு. தென்மேற்கு ஆபிரிக்காவிலுள்ள நமீபியாவே அந்நாடு. அதன் வடமேற்கு மூலையில் மந்தை மேய்த்து வாழும் மக்களின் வரலாற்றை இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

நமீபியா, பரப்பில் நமது இலங்கையைப் போல் பன்னிரண்டு மடங்குக்கு மேற்பட்டது. அத்துணைப் பெரிய நாட்டில், 2023ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, வாழ்வோர் ஏறக்குறைய முப்பது இலட்சம் பேரே. இதற்கு முதற் காரணம் நீரின்மை. மேற்கே அத்திலாந்திக் கடலோரமாக நமீப் பாலைவனம் நீண்டு கிடக்கின்றது; கிழக்கே கலகாரி வறள்நிலம் பரந்து கிடக்கின்றது. வடமேற்கே கவோகோலாந்து, டமராலாந்து என முன்னர் அழைக்கப்பட்ட பகுதிகள் உள்ளன. இவற்றின் பெரும்பகுதி இன்று குனேனே மாகாணத்துள் அடங்கும். அங்குள்ள ஆறுகள் ஆண்டில் ஒருசில நாட்களே நீர் ஓடப்பெறுவன. எஞ்சிய நாட்களில் அவை மணல் வீதிகள் போற் கிடக்கும். எனினும், அம்மணலின் கீழுள்ள ஈரத்தை நம்பி மரங்கள் நிற்கின்றன. அம்மரங்களை நம்பி யானைகள் வாழ்கின்றன. கருங்காண்டாமிருகம், ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, துள்ளுமான், சிங்கம் ஆகியவையும் அந்த வறண்ட நிலத்தைத் தம் தாயகமாக்கிக் கொண்டுள்ளன.

அதே நிலத்தில் ஹிம்பா, ஹெரேரோ, டமரா என்னும் மக்கள் மந்தை மேய்த்து வாழ்கின்றனர். ஹிம்பா மக்களுக்கும் ஹெரேரோ மக்களுக்கும் மாடு வெறுஞ் செல்வமன்று. பிறப்பு, மணம், இறப்பு ஆகிய எல்லாச் சடங்குகளிலும் மாட்டுக்கு இடமுண்டு. முன்னோரின் நினைவாகப் பேணப்படும் புனித நெருப்பும் மாட்டுப்பட்டியும் குடியிருப்பின் நடுவிடத்தைப் பெறுவன. இம்மக்கள் காட்டு விலங்குகளைத் தெய்வமாகப் போற்றினர் என்று கூறுதல் மிகையாகும். இறைச்சிக்காக வேட்டையாடினர், மந்தையைத் தாக்கிய சிங்கத்தைக் கொன்றனர். ஆயினும் விலங்கும் மந்தையும் ஒரே நீர்நிலையிற் குடித்து, ஒரே புல்லை மேய்ந்து, பல தலைமுறைகளாக வாழ்ந்து வந்தன. மழை பொய்த்து மாடு மடிந்த காலத்தில் காட்டு விலங்கே குடும்பத்தைக் காத்தது. ஆதலால், அது முற்றாக அழிந்துபோவதில் எவருக்கும் நன்மை இருக்கவில்லை.

இந்நிலை பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாறத் தொடங்கிற்று. துவக்குடன் வந்த வணிகரும் வேட்டைக்காரரும் யானைத் தந்தத்தைத் தேடிக் காடுகளைச் சூறையாடினர். 1884இல் அந்நாடு ஜேர்மனியின் குடியேற்ற நாடாயிற்று. 1897இல் மாட்டு வெக்கை நோய் அங்கு பரவியது. ஆபிரிக்காவின் வடகிழக்கிலே தோன்றி, பத்தாண்டுகளுக்குள் கண்டத்தின் தென்கோடி வரை ஓடிய அக்கொள்ளை நோய், ஹெரேரோ மக்களின் மந்தைகளில் மிகப் பெரும்பகுதியை ஒரே ஆண்டில் மாய்த்தது. அந்நோய் மாட்டுடன் நிற்கவில்லை. காட்டெருமையையும் மானினங்களையும் வாரிக்கொண்டது. மந்தை இழந்தவர் நிலத்தையும் இழந்தனர். 1904 முதல் 1908 வரை நடைபெற்ற போரில் ஜேர்மானியப் படைகள் ஹெரேரோ, நாமா இன மக்களைப் பல்லாயிரக்கணக்கிற் கொன்றொழித்தன. இருபதாம் நூற்றாண்டின் முதலாவது இனப்படுகொலை என்று வரலாற்றாசிரியர் குறிப்பிடுவது இக்கொடுமையையே.

இந்தப் போர் முடிவதற்கு முன்னரே, 1907இல், ஆளுநர் பிரீட்ரிக் வொன் லின்டெக்விஸ்ட் என்பவர் மூன்று பெரும் நிலப்பரப்புகளை வனவிலங்கு ஒதுக்கிடங்களாகப் பிரகடனம் செய்தார். அவற்றுள் இரண்டாம் இலக்க ஒதுக்கிடமே பின்னர் எட்டோசா தேசியப் பூங்கா எனப் பெயர் பெற்றது. இதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 1900இல், ஆபிரிக்காவைப் பங்கிட்டுக்கொண்ட ஐரோப்பிய வல்லரசுகள் இலண்டனிற் கூடி, ஆபிரிக்க விலங்குகளைக் காப்பதற்கென உடன்படிக்கை ஒன்றையும் எழுதியிருந்தன. நேயர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். விலங்குகள் அருகிவிட்டன என்னும் உண்மையை அவ்வல்லரசுகள் கண்டன. ஆனால், அவற்றை அருகச் செய்த துவக்கும் தந்த வணிகமும் எங்கிருந்து வந்தன என்பதை மறந்தன. அந்நிலத்திற் பிறந்து வளர்ந்தவனே விலங்கின் பகைவன் எனச் சட்டம் எழுதப்பட்டது. தன் தந்தை வேட்டையாடிய இடத்தில் மகன் வேட்டையாடினால், அவன் கள்ள வேட்டைக்காரன் எனப்பட்டான். விலங்கு எவருடையது என்னும் வினாவுக்குக் கிடைத்த முதலாவது விடை இதுவே: விலங்கு அரசினுடையது.

முதலாம் உலகப் போரின்போது, 1915இல், நாடு தென்னாபிரிக்காவின் கைக்கு மாறிற்று. ஆட்சி மாறினும் விடை மாறவில்லை. எட்டோசாவின் உப்பு வெளியைச் சூழ வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்துவந்த ஹைஓம் என்னும் மக்கள் 1954இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டனர். விலங்குகளைக் காண வந்த உல்லாசப் பயணிகளுக்கு அப்பூங்கா திறந்திருந்தது; அவ்விலங்குகளுடன் வாழ்ந்த மக்களுக்கு அது மூடப்பட்டது.

அடுத்து நிகழ்ந்தது இன்னும் விந்தையானது. 1962இல் நியமிக்கப்பட்ட ஓடெண்டால் ஆணைக்குழு, கறுப்பின மக்களை இனவாரியாகப் பிரித்துத் தனித்தனி நிலங்களில் அடைக்கும் திட்டத்தை வகுத்தது. அத்திட்டத்தின்படி எட்டோசா பூங்காவின் எல்லை 1970இல் பெரிதும் சுருக்கப்பட்டது. அதன் மேற்குப் பகுதி கவோகோலாந்து, டமராலாந்து எனப் பிரிக்கப்பட்டது. அங்கிருந்த யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் பூங்காவின் பாதுகாப்பு ஒரே நாளில் இல்லாது போயிற்று. அங்கு குடியிருந்த மக்களுக்கு அவ்விலங்குகள் மீது உரிமையும் வழங்கப்படவில்லை.

இதே காலத்தில் வெள்ளையருக்கு வேறொரு நீதி வழங்கப்பட்டது. 1967ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம், வேலியிடப்பட்ட பண்ணைகளையுடைய வெள்ளைப் பண்ணையாளருக்குத் தம் நிலத்திலுள்ள சில வகை விலங்குகளைத் தாமே உடைமையாகக் கொள்ளவும் பயன்படுத்தவும் உரிமை கொடுத்தது. 1975ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் அதனை மேலும் உறுதி செய்தது. அதுவரை தம் மாட்டின் புல்லைத் தின்னும் தொல்லை என்று மானைச் சுட்டுத் தள்ளியவர்கள், மான் தமக்கு வருவாய் தரும் என்று கண்டதும் அதனைப் பேணத் தலைப்பட்டனர். பண்ணைகளில் விலங்குகள் பெருகின. உரிமையும் பயனும் உடையவன் காவலனாவான் என்னும் உண்மை அந்நாட்டிலேயே மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால், வேலிக்கு அப்பால் பொதுநிலத்தில் வாழ்ந்த கறுப்பின மக்களுக்கு அவ்வுண்மையின் பயன் எட்டவில்லை. விலங்கு பண்ணையாளனுடையது என்னும் இரண்டாவது விடையும் மக்களில் ஒரு சாராருக்கே உரித்தாயிற்று.

இதன் விளைவு 1970களில் தெரிந்தது. காண்டாமிருகத்தின் கொம்புக்கும் யானையின் தந்தத்துக்கும் உலகச் சந்தையில் விலை ஏறிற்று. வடக்கு எல்லையில் விடுதலைப் போர் மூண்டிருந்தமையால் தென்னாபிரிக்கப் படை கவோகோலாந்து மக்களுக்குத் துவக்குகளை வழங்கியிருந்தது. உத்தியோகத்தரும் படையினருமே வேட்டையிற் கலந்துகொண்டனர். இவற்றின்மேல், 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொடிய வரட்சி வந்தது. ஹிம்பா, ஹெரேரோ மக்களின் மாடுகளில் மிகப் பெரும்பகுதி மடிந்தது. பட்டினி கிடந்தவன் கையில் துவக்கு இருந்தது. அவன் எதிரே நின்ற விலங்கோ அவனைப் பகைவனாகக் கருதிய அரசினுடையது. அவன் ஏன் சுடாது விடவேண்டும்? வடமேற்கில் யானையும் காண்டாமிருகமும் அடியோடு அற்றுப்போகும் நிலை தோன்றிற்று.

இவ்விடத்தில் இருவரை நாம் சந்திக்கிறோம். ஒருவர் கார்த் ஓவன் சிமித். 1944இற் பிறந்த இவர், 1968இல் விவசாய உத்தியோகத்தராகக் கவோகோலாந்துக்கு வந்து, ஹிம்பா மக்களின் வாழ்க்கையை அருகிருந்து கண்டவர். ஈராண்டின் பின் அங்கிருந்து மாற்றப்பட்டவர். 1982இல் விலங்குப் பாதுகாப்பு நிதியம் ஒன்றின் பணியாளராக அவர் வடமேற்குக்குத் திரும்பினார். மற்றவர் வார்ம்குவெல்லே என்னும் ஊரைச் சேர்ந்த ஹெரேரோ தலைவர் யோசுவா கங்கோம்பே. ஓவன் சிமித்தும், அரசின் இயற்கைப் பாதுகாப்பு உத்தியோகத்தரான கிறிஸ் அயரும் ஊர் ஊராகச் சென்று தலைவர்களுடன் அமர்ந்து பேசினர். அக்காலத்தில் அது புதுமை. விலங்குச் சட்டத்தின் பெயரால் வந்த அரசாங்க வாகனம் அதுவரை கைது செய்யவே வந்ததன்றி, கருத்துக் கேட்க வந்ததில்லை.

விலங்குகள் அழிவதை அத்தலைவர்களும் விரும்பவில்லை. தம் பேரப்பிள்ளைகள் யானையையும் காண்டாமிருகத்தையும் கதையில் மட்டும் அறியும் காலம் வருமோ என்ற கவலை அவர்களுக்கும் இருந்தது. அந்தப் பேச்சுகளின் பயனாகப் பிறந்ததே விலங்குக் காவலர் என்னும் ஏற்பாடு. காவலரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஊர்த் தலைவர்களிடமே விடப்பட்டது. காட்டின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்தவர் வேட்டையாடியவரே. ஆதலின், முன்பு களவாக வேட்டையாடியோர் சிலரும் காவலராயினர். 1983இல் தொடங்கிய இவ்வேற்பாட்டில், காவலருக்குத் துவக்கு வழங்கப்படவில்லை. பெருஞ் சம்பளமும் இல்லை. உணவுப் பொருளும் சிறுதொகைப் பணமுமே கிடைத்தன. தம் மந்தையோடு மந்தையாகத் திரிந்து, விலங்கின் தடத்தையும் அயலாரின் காலடியையும் இறந்து கிடந்த உடலையும் கண்டு அறிவிப்பதே அவர்கள் கடமை. அவர்கள் பணிபுரிந்தது தம் தலைவருக்கும் தம் ஊருக்குமே.

சில ஆண்டுகளுக்குள் கள்ள வேட்டை பெரிதும் தணிந்தது. வேட்டையாடிய பலர் ஊராரின் தகவலாலேயே நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டனர். படையும் சட்டமும் செய்ய இயலாததை ஒரு சில முதியவர்களின் சொல் செய்தது.

இந்நிகழ்ச்சியின் ஒழுங்குமுறையை நாம் நுணுகி நோக்க வேண்டும். வரலாற்றிலே எது முன் நிகழ்ந்தது, எது பின் நிகழ்ந்தது என்பது சிறு செய்தி போலத் தோன்றும். ஆயினும் காரணமும் காரியமும் அதனுள்ளேதான் மறைந்து கிடக்கும். விலங்கால் வருவாய் வரும் என்று கண்ட பின்னரே ஆபிரிக்க மக்கள் விலங்கைக் காத்தனர் என்று இன்று பலர் எழுதுகின்றனர். வடமேற்கு நமீபியாவில் 1983இல் வருவாய் எதுவும் இருக்கவில்லை.  முதலில் வந்தது மதிப்பு. உன் நிலத்துக்கு நீயே பொறுப்பாளன் என்று ஒருவன் வந்து சொன்னபோது, பட்டினியின் நடுவிலும் அம்மக்கள் பொறுப்பை ஏற்றனர். பணம் பின்னரே வந்தது.

பணம் வந்த வழியையும் கூறுதல் தகும். மார்கிரட் யாக்கொப்சன் என்னும் மானிடவியல் அறிஞர், புரோஸ் என்னும் சிற்றூரில் தங்கி ஹிம்பா மக்களின் வாழ்வை ஆராய்ந்து வந்தார். பாலைவன யானைகளைக் காண அவ்வழியே உல்லாசப் பயணிகள் வரத் தொடங்கியிருந்தனர். அவர்கள் வந்தனர், படம் பிடித்தனர், சென்றனர். ஊராருக்குப் புழுதியே எஞ்சியது. 1987இல் அங்கே ஒரு சிறு சோதனை நடைபெற்றது. பயணிகளை அழைத்து வருவோர், தலைக்கு இவ்வளவு எனச் சிறு தொகையொன்றை ஊராருக்குச் செலுத்தினர். விலங்குகளைப் பராமரிப்பதற்காக ஊராருக்கு உரிய பங்கு என அது கருதப்பட்டது. தொகை சிறிதாயினும் அதன் பொருள் பெரிது. யானை உயிரோடு இருப்பதால் தம் வீட்டுக்கு ஒரு பயன் உண்டு என்பதை அம்மக்கள் அன்றே முதன்முதலாகக் கையிற் கண்டனர். ஓவன் சிமித், யாக்கொப்சன் ஆகிய இருவருக்கும் 1993இல் கோல்ட்மன் சுற்றாடல் விருது வழங்கப்பட்டது.

1990 மார்ச் 21ஆம் நாள் நமீபியா விடுதலை பெற்றது. சூழலையும் உயிரினங்களின் பல்வகைமையையும் பேணும் கடமை புதிய அரசியல் யாப்பிலேயே எழுதப்பட்டது. இத்துறைக்கு முதலாவது அமைச்சராக வந்த நிக்கோ பெசிங்கர் காலத்தில், உத்தியோகத்தரும் ஆய்வாளரும் பொதுநிலப் பகுதிகளுக்குச் சென்று மக்களின் குறைகளைக் கேட்டனர். அயல்நாடான சிம்பாப்வேயின் அனுபவமும் அவர்களுக்குக் கைகொடுத்தது. அந்நாட்டில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் பண்ணையாளருக்கு வழங்கிய உரிமையை 1982இல் பொதுநில மாவட்டங்களுக்கும் விரிவாக்கினர். 1989 முதல் காம்ப்பயர் என்னும் திட்டத்தின்கீழ் மாவட்ட சபைகள் விலங்குகளால் வரும் வருவாயைப் பெற்றன. ஆனால், மாவட்ட சபைக்குச் சென்ற பணம் ஊருக்கு முழுமையாகச் சேரவில்லை என்னும் குறை அங்கே எழுந்தது. நமீபியா அதனைப் பாடமாகக் கொண்டு, உரிமையை இடையில் எவர் கையிலும் விடாது, விலங்கோடு வாழும் ஊராரின் கையிலேயே வைக்கத் துணிந்தது.

அதன்படி 1996இல் பாராளுமன்றம் இயற்கைப் பாதுகாப்புத் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆங்கிலத்தில் கொன்சர்வன்சி எனப்படும் ஊர்க் காப்பு மன்றங்களை அமைக்க அச்சட்டம் வழிசெய்தது. ஓர் ஊரார் மன்றம் அமைக்க விரும்பின், அவர்கள் செய்ய வேண்டியவை தெளிவாக வகுக்கப்பட்டன. அயலூராருடன் பேசி எல்லையை முடிவுசெய்தல் வேண்டும்; உறுப்பினரின் பெயர்ப் பதிவு இருத்தல் வேண்டும்; நிர்வாகக் குழுவும் யாப்பும் வேண்டும்; வருவாயை நேர்மையாகப் பங்கிடும் முறை வேண்டும். இவை நிறைவேறியபின் அரசாங்க வர்த்தமானியில் மன்றம் பிரகடனம் செய்யப்படும். அதன்பின், முன்னர் வெள்ளைப் பண்ணையாளர் பெற்ற உரிமையை ஒத்த உரிமை அம்மன்றத்துக்கும் உண்டு. 1967இல் வேலிக்குள்ளே நின்ற நீதி, முப்பது ஆண்டுகள் கழித்து வேலியைத் தாண்டிற்று. விலங்கு அதனோடு வாழ்வோரைச் சார்ந்தது என்பது மூன்றாவது விடை.

1998இல் முதல் நான்கு மன்றங்கள் தோன்றின. அவற்றுள் தொர்ரா என்பதன் கதை நெஞ்சை உருக்குவது. அங்கு வாழ்வோரிற் பலர் ரியெம்வாஸ்மாக் மக்கள். தென்னாபிரிக்காவின் வடமேற்குப் பகுதியில் வாழ்ந்த இவர்களை, 1973, 1974ஆம் ஆண்டுகளில் இனவொதுக்கல் அரசு பலவந்தமாகப் பெயர்த்தெடுத்து, முன்பின் கண்டிராத டமராலாந்தின் வறள்நிலத்திற் கொண்டுவந்து இறக்கியது. ஆட்டு மந்தையையே நம்பி வாழ்ந்த அவர்களுக்கு யானையும் சிங்கமும் புதிய அயலாராயின. அத்தகையோர், ஒரு பயண நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்து, 1996இல் தம் நிலத்தில் விடுதியொன்று அமையச் செய்தனர். ஊர் இளைஞரும் பெண்களும் அங்கே தொழில் பெற்றனர். வருவாயில் ஒரு பங்கு ஊருக்கு வந்தது. 2004இல் ஐக்கிய நாடுகளின் அபிவிருத்தித் திட்டம் வழங்கும் ஈக்குவேற்றர் பரிசு தொர்ரா மன்றத்துக்குக் கிடைத்தது. நாட்டின் மறுகோடியிலே, கலகாரியில் வாழும் சான் மக்கள் அமைத்த நை நை மன்றமும் அம்முதல் நான்கினுள் ஒன்றாகும்.

இன்று நமீபியாவில் 86 ஊர்க் காப்பு மன்றங்கள் உள்ளன. நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அவற்றின் எல்லைக்குள் அடங்கும். அஃதாவது, நமது நாட்டைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்ட நிலம். அங்கு வாழ்வோர் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர். 1990களின் நடுப்பகுதியில் நாடு முழுவதும் ஏழாயிரத்துச் சொச்சம் எனக் கணக்கிடப்பட்ட யானைகள், இப்போது இருபதாயிரத்துக்கு மேற்பட்டுவிட்டன. உலகில் எஞ்சியுள்ள கருங்காண்டாமிருகங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நமீபியாவிலேயே உள்ளது. பூங்காவுக்கு வெளியே, வேலியின்றி, மக்கள் வாழும் நிலத்திலேயே அவற்றிற் கணிசமானவை திரிகின்றன.

வரலாற்றை இவ்விடத்தில் நிறுத்தினால் அது இனிய கதையாக முடிந்துவிடும். ஆனால், உண்மை அங்கே முடியவில்லை. விலங்கு பெருகினால் அதன் பசியும் பெருகும். 1990களின் நடுப்பகுதியில் வடமேற்கில் இருபதைச் சூழ்ந்த தொகையாக இருந்த சிங்கங்கள், இருபது ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்டன. பின்னர் 2013ஐ ஒட்டித் தொடங்கி ஆண்டுக்கணக்கில் நீடித்த வரட்சியில் மானும் வரிக்குதிரையும் குறைந்தன. இரை குறைந்த சிங்கம் பட்டியை நாடிற்று. ஒரே இரவில் தன் ஆடுகளையெல்லாம் இழந்த குடும்பத்துக்கு, சிங்கம் உலகின் செல்வம் என்னும் சொல் ஆறுதல் தராது. யானைகள் நீர்த்தொட்டியை உடைக்கின்றன, குழாயைப் பிடுங்குகின்றன, நாட்டின் வடகிழக்கிலே சோளப் பயிரை ஒரே இரவில் அழிக்கின்றன. யானை புகுந்த வயலை விடியற்காலையிற் பார்த்த நம் வன்னி நேயர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அரசு 2009இல் இதற்கென ஒரு கொள்கையை வகுத்து, இழந்த மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஒரு தொகை வழங்க ஏற்பாடு செய்தது. ஆனால், அத்தொகை மாட்டின் சந்தை விலைக்கு ஈடாகாது. நட்டஈடு என்னும் பெயரைக்கூட அரசு அதற்கு இடவில்லை. யானையால் வரும் வருவாய் மன்றத்தின் பொதுக் கணக்குக்குப் போகின்றது. யானையால் வரும் இழப்போ தனியொருவனின் தலையில் விழுகின்றது. இந்த இடைவெளியை நிரப்புவதே இன்று அம்மன்றங்களின் முன்னுள்ள மிகப் பெரிய கடமையாகும்.

வேறொரு வழக்கும் உண்டு. மன்றங்களின் வருவாயில் ஒரு பகுதி, அரசு வகுத்த அளவுக்குள் வெளிநாட்டு வேட்டைக்காரருக்கு அனுமதி வழங்குவதால் வருவது. நை நை போன்ற மன்றங்களுக்கு அதுவே பெருவருவாய். அவ்விலங்கின் இறைச்சியும் ஊராருக்கே சேரும். உயிரைப் பொழுதுபோக்குக்காகக் கொல்லுதல் தகுமோ என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் கேட்கின்றனர். அறநூல் பயின்ற எவர்க்கும் அவ்வினா எழுதல் இயல்பே. ஆனால், அவ்வினாவை எழுப்புவோர் யானையோடு ஒரு கிணற்றிற் குடிப்பவர் அல்லர். வேட்டையை நிறுத்துக என்று கூறுவோர், அவ்வருவாய்க்கு ஈடாக எதனைக் கொடுப்போம் என்பதையும் கூறக் கடமைப்பட்டவர். 2024 ஆகத்து மாதம், கொடிய வரட்சியிடையே மக்களுக்கு இறைச்சி வழங்குவதற்கென 83 யானைகள் உட்பட 723 விலங்குகளைக் கொல்ல அரசு முடிவுசெய்தபோது, இதே வழக்கு மீண்டும் உலக மேடையில் எழுந்தது.

உல்லாசப் பயணத்தை மட்டும் நம்புவதன் இடரை 2020ஆம் ஆண்டு உணர்த்திற்று. கொவிட் நோயினால் வானூர்திகள் நின்றன, விடுதிகள் மூடப்பட்டன, மன்றங்களின் வருவாய் ஒரே மாதத்தில் வற்றியது. காவலரின் சம்பளத்துக்கு நன்கொடை நிதிகளை நாட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு ஏப்பிரில் மாதத்திலே ஓவன் சிமித் காலமானார்.

இன்னுமொரு குறை அடிப்படையானது. விலங்குமீது மன்றத்துக்கு உரிமை உண்டு, நிலம்மீது இல்லை. பொதுநிலம் இன்றும் அரசின் உடைமையே. வெளியூர்ப் பெருமந்தைக்காரர் தம் மாடுகளைக் கொண்டுவந்து மன்றத்தின் புல்லில் விட்டால், அவர்களை வெளியேற்றும் வலிமை மன்றத்துக்குப் போதாது. சில மன்றங்களில் கணக்கு ஒழுங்கின்மையும், பதவியில் இருப்போர் தமக்கே பயன் தேடிக்கொள்ளுதலும் நிகழ்ந்துள்ளன. ஊராரின் கையில் அதிகாரம் வந்துவிட்டால் மட்டும் நேர்மை தானே வந்துவிடாது என்பதற்கு அவை சான்று.

இத்தனை குறைகளையும் ஒருபுறத் தட்டில் வைத்து, மறுபுறத் தட்டில் 1982ஆம் ஆண்டை வைத்துப் பார்ப்போம். அன்று நாற்புறமும் எலும்புக் குவியல்கள். சட்டம் வலிமையாகவே இருந்தது, தண்டனையும் இருந்தது, விலங்கு மட்டும் இல்லாது போய்க்கொண்டிருந்தது. துவக்கில்லாத காவலர் சிலர் அந்த ஓட்டத்தை மறித்து நின்றனர். அவர்களைக் காவலராக்கியது, தம் முதியவர்கள் தம்மீது வைத்த நம்பிக்கையே.

காட்டு விலங்கு எவருடையது என்னும் வினாவுக்கு நமீபியாவின் மந்தை மேய்ப்போர் கண்ட விடை இன்னும் நிறைவு பெறவில்லை. அவர்களுடைய பிள்ளைகள் ஆட்டை இழந்த காலையிலும் அதே விடையைச் சொல்வார்களா என்பது, அந்த இழப்பில் நாடும் உலகமும் எவ்வளவு பங்கு ஏற்கின்றன என்பதைப் பொறுத்தது. தொலைவிலிருந்து யானையைப் பார்த்து மகிழ்வோர், அந்த யானைக்கு அருகில் உறங்குவோரின் இரவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். யானையின் நாளைய வாழ்வு அவ்விரவைச் சகித்துக்கொள்ளும் அந்த மனிதரின் கையில் உள்ளது.